நாற்காலி போடாதீங்க

எங்கள் தெருவில் சாவு விழுந்தால் ஆண்களுக்கு நாற்காலி, பெண்களுக்குத் தரை. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை, ஆனால் மாறியதுமில்லை. வாடகை வேனில் வந்து இறங்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளை வாசல் பந்தலில் வரிசையாகப் போடுவார்கள். ஆண்கள் அதில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் உள்ளே ஐஸ் பெட்டியைச் சுற்றித் தரையில் உட்காருவோம். புதிதாக ஒருத்தி வந்தால் அவளுக்கு இடம் விட்டு, தோளில் கை போட்டு, தலையோடு தலை சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுவோம். எடுக்கும் நேரம் வந்ததும் எல்லாரும் எழுந்து தெருமுனை வரை பின்னாலேயே போவோம். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை.

என் சித்தப்பா போனது ஓர் ஐப்பசி மழையில். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துப் பக்கக் கரையில் இறக்கிவிட்டவர் அவர். அன்று மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். “எடுக்கப்போறாங்க” என்று குரல் வந்ததும் சுற்றியிருந்தவர்கள் எழுந்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வலது முட்டி மடங்கியபடியே நின்றுவிட்டது. கையை ஊன்றினேன், ஈரத்தில் வழுக்கியது. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, மூன்றாவது ஒருத்தி பின்னாலிருந்து இடுப்பைத் தள்ளினாள். யாரோ, “ஜேசிபிய வரச்சொல்லுங்கடி” என்றாள். சாவு வீட்டில் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் நிமிர்ந்து நின்று வாசலுக்கு வருவதற்குள் சித்தப்பா தெருமுனையைத் தாண்டிவிட்டார்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது, எண்பத்து நான்கு கிலோ. நன்னிலத்தில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. பட்டா, சிட்டா, அடங்கல் என்று நாள் முழுக்க உட்கார்ந்தபடியே ஓடும் வேலை. ஸ்கூட்டரில் போய் ஸ்கூட்டரில் வருகிறேன். முட்டியைக் காட்டப் போனபோது மருத்துவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, “பத்து கிலோ குறைங்க, எல்லாம் சரியாயிடும்” என்று எழுதிக்கொடுத்தார்.

நாலு மாதம் கழித்து என் கூட்டாளியின் அம்மா இறந்துபோனாள். கூட்டாளி என்றால் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பலகையில் உட்கார்ந்தவள். அதற்கு மேல் நான் படிக்கப் போனேன், அவள் அவளுடைய அம்மாவோடு நடவுக்குப் போனாள். இருந்தாலும் எங்களுக்குள் ஒன்றும் அறுந்துபோகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு வருவாள். வரப்பில் பறித்த பொன்னாங்கண்ணியை மடியில் கட்டிக்கொண்டு வந்து, கூடத்தில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை முழுக்கச் சொல்லிவிட்டுப் போவாள்.

அன்று அவள் வீட்டு வாசலில் நுழையும்போதே என் கண் தரைக்குத்தான் போனது. உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது எப்படி? துக்கத்துக்குப் போன இடத்தில் எனக்கு அந்த ஒரு கவலைதான் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த நேரம் பார்த்து என் அம்மாவின் குரல் வாசல் வரை கேட்டது.

“யாருப்பா அங்க, எம் பொண்ணுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க!”

அம்மாவின் நாற்காலிக் கதையைச் சொல்லாவிட்டால் இது விளங்காது. அம்மா நாற்பது வருஷம் பண்ணை வீட்டு வயலில் நட்டவள், களை பறித்தவள், அறுத்தவள். கூலி வாங்கக் கொல்லைப்புறமாகப் போய் நிற்பாளே தவிர, அந்த வீட்டில் எதன்மேலும் உட்கார்ந்தது கிடையாது. எனக்கு வேலை கிடைத்த முதல் வாரம், சொல்லாமல்கொள்ளாமல் பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. கதவோரம் நின்று, முதுகில் துண்டு போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பதை ஒரு மணி நேரம் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் வாங்கிய ஒரே சொத்து அந்த நாற்காலிதான் என்று நினைக்கிறேன். அதனால் எங்கே போனாலும் என்னை அதில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் அவளுக்கு.

நாற்காலி வந்தது. நான் உட்கார்ந்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை. கூட்டாளி ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் குனிந்து கையை நீட்டினேன். எட்டவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பிறகு தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குப் பின்னாலிருந்து ஒருத்தி, “ஆபீஸ்காரி கீழ உக்காருவாளா? பொடவ அழுக்காயிடாது?” என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளி வரவில்லை. நடவுக் கூட்டத்தோடு என் வீட்டைத் தாண்டிப் போகும்போதும் குனிந்த தலை நிமிராமல் போனாள். வெள்ளத்துக்குப் பயந்து ஐந்து படி உயர்த்திக் கட்டிய வீடு எங்களுடையது. மேல் படியில் நின்று நான் கூப்பிட்டால், “வேல கெடக்குடி” என்று தரையைப் பார்த்தபடியே பதில் வரும். என்னைப் பெரிய மனுஷி ஆக்கி ஒதுக்கிவிட்டார்கள் என்று புரிந்தது. முட்டி மடங்கவில்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியுமா? சொன்னாலும், “ஒடம்பக் குறை” என்பார்கள். என் ஆத்திரமெல்லாம் உடம்பின்மேல் திரும்பியது.

கணவர் பள்ளிக்கூட வாத்தியார், எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார். எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிவந்தார். நான் விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தேன். நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: எங்கள் பக்கத்தில் சும்மா நடக்க முடியாது. வாய்க்கால் கரையில் பத்தடி வைப்பதற்குள் ஒரு பைக் நிற்கும். “எங்கக்கா போறீங்க, ஏறுங்க.” நடக்கத்தான் வந்தேன் என்றால் அவனுக்கு விளங்காது. “அட, ஏறுங்கக்கா, நான் அந்தப் பக்கந்தான் போறேன்.” ஏறாவிட்டால் கோபித்துக்கொள்வான். “எங்க வண்டியிலல்லாம் ஏறமாட்டீங்க” என்று ஒருத்தன் சொல்லியேவிட்டான். நாற்காலிப் பேச்சு அவன் காதுவரை போயிருக்கிறது என்று தெரிந்ததும், பேசாமல் அவன் வண்டியில் ஏறி, போக வேண்டிய அவசியமே இல்லாத கடைத்தெருவில் இறங்கி, திரும்ப நடந்து வந்தேன். வரும் வழியில் மினிபஸ் நின்றது.

ஒரு வாரத்தில், நான் கணவரோடு சண்டை போட்டுக்கொண்டேன், அவர் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார் என்று கதை கட்டிவிட்டார்கள். “சார், அக்கா நடந்து போறாங்க, பாவமா இருக்கு” என்று அவருக்கே போன் வந்தது. அவர் தலையிலடித்துக்கொண்டு, “கையில எதையாவது எடுத்துட்டுப் போயேன்” என்றார்.

அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. பால் வாங்கும் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதிசயம், யாரும் நிறுத்தவில்லை. பாலுக்குப் போகிறவளை யார் கேட்பார்கள்? ஆனால் நாலாம் நாள், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாடு வைத்திருக்கும் ஓர் அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். “தெனமும் வெறுந்தூக்கோட திரும்புறியே தாயி, யாரும் ஊத்தலையா?” என்று முக்கால் படி பாலை நுரையோடு ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாடிக்கையாகிவிட்டது. அவ்வளவு பாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ராத்திரிக்கு ஒரு டம்ளர், ஞாயிற்றுக்கிழமை பாயசம். மாதக் கடைசியில் மெஷினில் ஏறினேன். எண்பத்தைந்தரை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அன்று தூக்கைச் சுவரோரம் வீசி எறிந்தேன், அதன் நெளிசல் இன்னும் இருக்கிறது.

திருவாரூரில் பெண்களுக்கான ஜிம் ஒன்று திறந்திருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். ஒன்பது நாள் போனேன். முதல் நாள் சுவரோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். இது ‘முன்’, இன்னும் மூன்று மாதத்தில் ‘பின்’ எடுத்துப் பக்கத்தில் ஒட்டுவார்களாம். சொல்லிக்கொடுக்கும் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது.

“எனக்குத் தரையில உக்காந்து எழுந்திரிக்கணும்மா. அத மட்டும் சொல்லிக் குடுங்க போதும்” என்றேன்.

“அதெல்லாம் அப்புறம்க்கா. மொதல்ல ஒரு பத்து கிலோ எறக்கிரலாம்.”

மருத்துவருக்கும் பத்து கிலோ, இவளுக்கும் பத்து கிலோ. நெல் மூட்டையா நான், இறக்கிவைக்க? ஓடும் பட்டையில் ஏற்றிவிட்டாள். எதிர்ச் சுவரில் ‘முன்’ ‘பின்’ என்று இளைத்த பெண்கள் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தேன். ஒருத்திகூட இல்லை. பத்தாம் நாள் பஸ்ஸைத் தவறவிட்டேன், அதோடு விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகும் ஆரம்பித்ததும் விட்டதுமாக ஒரு வருஷம் ஓடியது. ஒன்றரை கிலோ குறையும், பொங்கல் வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். கொள்முதல் சமயத்தில் ரோடு முழுக்க நெல்லைக் கொட்டிக் காயவைத்துவிடுவார்கள், நடக்க இடமிருக்காது. அது ஒரு சாக்கு. மழை ஒரு சாக்கு. வெள்ளிக்கிழமை காலையில் மெஷினில் ஏறுவேன். எண் நகரவில்லை என்றால் சனிக்கிழமை படுக்கையைவிட்டு எழ மாட்டேன். உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒருத்தர், ஊக்கம் இருந்தால் மலையையும் பெயர்க்கலாம் என்று சூரியன் உதிக்கும் படத்தோடு அனுப்புவார். நானும் அந்த ஊக்கம் வரும் வரும் என்று காத்திருந்தேன். வந்ததெல்லாம் எரிச்சல்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் எரியவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது. சட்டைப் பித்தான் மாதிரியான அந்தப் பேட்டரி எங்கள் ஊர்க் கடையில் கிடைக்காது. கணவர் வாங்கிவருகிறேன் என்று சொல்லிச் சொல்லி மறந்துபோனார். கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். அதே வாரம் அலுவலகத்தில் ஒரு கோப்பை எடுக்க எழுந்தபோது, இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுவதைக் கவனித்தேன். தரை கிடக்கட்டும், நாற்காலியிலிருந்தே நான் எழுவதில்லை, மேசைதான் என்னை எழுப்புகிறது. எத்தனை வருஷமாக இப்படி என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. பயந்துபோனேன். இன்னும் பத்து வருஷம் போனால் கழிவறையிலிருந்து எழவும் ஆள் வேண்டும்.

மேசையைத் தொடக் கூடாது என்று முடிவுசெய்தேன். யார் வந்தாலும் கையை மார்பில் கட்டிக்கொண்டு ஒருமுறை எழுந்து உட்காருவது. முதல் நாள் தொடை நடுங்கியது. அதைவிடப் பெரிய தொல்லை மனு கொடுக்க வந்தவர்கள். அடங்கல் நகல் கேட்டு வந்த பெரியவர் ஒருவர் நான் எழுந்ததைப் பார்த்து ஆடிப்போய்விட்டார். துண்டை இடுப்புக்கு இறக்கி, “எதுக்குத் தாயி எழுந்திரிக்கிறீங்க, உக்காருங்க, உக்காருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் உட்கார்ந்தேன். அடுத்தவர் வந்தார், எழுந்தேன். “அந்தம்மா நமக்கெல்லாம் எழுந்திரிச்சு மரியாத குடுக்குது” என்று வெளியே வேப்பமரத்தடி வரை பேச்சுப் போய்விட்டது. மரியாதை இல்லை ஐயா, முட்டி என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். வேண்டிய இடத்தில் கெட்ட பெயர், கேட்காத இடத்தில் நல்ல பெயர்!

வீட்டில் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலி. அதில் இருபது தடவை கை ஊன்றாமல் எழ முடிந்ததும் குளியலறை முக்காலி. முக்காலிக்குப் பிறகு, வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கற்களை அடுக்கி அதன்மேல் ஒரு மணை. இரண்டு வாரத்துக்கு ஒரு செங்கல் எடுப்பது என்று கணக்கு. கணக்குத்தான் அப்படி. ஒரு செங்கல் இரண்டு மாதம் நகரவில்லை. நடுவில் காய்ச்சல் வந்து முக்காலிக்கே திரும்பினேன். டைல்ஸ் வழுக்குகிறது என்று கணவரோடு சண்டை போட்டேன். அவர், “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்” என்று சொல்லிவிட்டு ஒரு ரப்பர் பாயை வாங்கிப் போட்டார். பிடித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். ஒவ்வொரு காலையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்தேன். வேண்டாம் என்று தோன்றும்போதெல்லாம், என் கையைப் பார்த்து, நாற்காலியைப் பார்த்து, தலையைத் திருப்பிக்கொண்ட அந்த முகம் கண்முன்னே வரும். கோபத்தில் இன்னும் இரண்டு தடவை எழுவேன்.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து தினமும் வந்து எட்டிப் பார்ப்பாள். “என்ன பாவம் பண்ணினே, புள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடறே?” என்று முதலில் கேலிதான் செய்தாள். மணை தரைக்கு வந்த அன்று கேலி போய்விட்டது.

“நீ நாற்காலில உக்காரணும்னுதான்டி நான் சேத்துல நின்னேன். நீ என்னடான்னா கீழ எறங்க மல்லுக்கட்டுறே.”

“நம்ம தெருவுல எல்லாரும் கீழதானம்மா உக்காந்திருக்காங்க.”

“அவங்களுக்கு விதி. உனக்கென்ன?”

“எனக்கு அவங்க வேணும்.”

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. நாற்பது வருஷம் குனிந்தே வேலை பார்த்தவளுக்கு, மகள் வேண்டுமென்றே குனிவதைப் பார்க்க எப்படி இருக்கும்? ஆனாலும் எரிச்சலாக இருந்தது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு நான் செய்கிற ஒரே உருப்படியான காரியத்துக்கு என் வீட்டிலேயே ஆதரவு இல்லை.

இந்தத் தை மாதம், சம்பா அறுவடை ஓடிக்கொண்டிருந்தபோது, தெருக்கோடி வீட்டுப் பெரியம்மா இறந்துபோனாள். வெறுந்தரையிலிருந்து கை ஊன்றாமல் என்னால் அப்போதும் எழ முடியாது. ஒரு கையை ஊன்றி, ஒரு முட்டி போட்டு எழுவேன், அதுவும் சரியாக இருக்கிற நாளில். இருந்தாலும் போகும்போதே தீர்மானம் செய்துகொண்டேன்.

வாசலில் கால் வைத்ததும் அம்மாவின் குரல் வழக்கம்போல வந்தது. “எம் பொண்ணு வந்துட்டா, நாற்காலி போடுங்க!”

“நாற்காலி போடாதீங்க” என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாற்காலி எடுத்துவந்த பையன் அதைத் தலைக்குமேல் பிடித்தபடியே நின்றான். நான் உள்ளே போனேன். வேண்டுமென்றேதான், கூட்டாளிக்குப் பக்கத்தில் இடம் பார்த்து, முட்டி சடசடக்க, தரையில் உட்கார்ந்தேன். தோளில் கை போட்டேன். அவள் தலையை என் தலைமேல் சாய்த்தாள். பெரியம்மாவுக்காக அழுதேனா, இரண்டு வருஷத்துக்காக அழுதேனா என்று எனக்கே தெரியாது. நன்றாக அழுதேன்.

எடுக்கும் நேரம் வந்தது. எல்லாரும் எழுந்தார்கள். நான் வலது கையை ஊன்றினேன், இடது பாதத்தைத் தரையில் பதித்தேன், மூச்சைப் பிடித்து எழுந்தேன். முதல் தடவையிலேயே எழுந்துவிட்டேன். யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஒருத்தியும் பார்க்கவில்லை. எண்பத்து மூன்று கிலோவை நானே தூக்கி நிறுத்தியிருக்கிறேன், ஊரில் ஒரு நாதியும் கவனிக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பிணத்துக்குப் பின்னால் போகவே ஒரு நொடி மறந்தேன்.

“ஏய், கையக் குடுடி.”

குனிந்து பார்த்தேன். கூட்டாளி இன்னும் தரையில்தான் இருந்தாள். இரண்டு காலும் நீட்டியபடி இருந்தன. ஒரு கை முட்டியைப் பிடித்திருந்தது, இன்னொரு கை என்னைப் பார்த்து நீண்டிருந்தது.

“என்னடி ஆச்சு?”

“என்ன ஆகணும்? முட்டி போயி ரெண்டு வருஷமாச்சு. நீ தூக்கு மொதல்ல.”

இரண்டு கைகளையும் பிடித்து, பாதத்தை அகட்டி ஊன்றி, தூக்கினேன். ஒல்லியான உடம்பு, ஐம்பது கிலோகூட இருக்காது. அவளை யாரும் ஒருநாளும் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்க முடியாது. நின்றதும் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். தெருமுனைக்கு எல்லாருக்கும் பின்னால் நாங்கள் இரண்டு பேரும் மெல்ல நடந்தோம். எனக்குத் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன்.

“அப்பறம் ஏன்டி என் வீட்டுக்கு வரதில்ல? நான் நாற்காலில உக்காந்தேன்னு கோவமா?”

நின்று என்னை முறைத்தாள். “அஞ்சு படி வச்சு வீடு கட்டியிருக்கியே, யாரு ஏர்றது? தலைய நிமித்தி நடந்தா தடுக்குது, கீழ பாத்தே நடக்குறேன். நட்டுட்டுக் கரையேறவே ஒருத்தி கை குடுக்கணும்.”

“உங்கம்மா செத்தன்னிக்கு மொகத்தத் திருப்பினியே.”

“எட்டி உன்னப் புடிக்கணும்னா எழுந்திரிக்கணும். எழுந்திரிக்க முடியல. உன்னப் பாத்து எரிச்சலா இருந்துச்சுதான், இல்லங்கல. உனக்கு வலிச்சா நாற்காலி போடுறாங்க.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எங்களுக்கு யாருடி போடுவா?”

இரண்டு வருஷமாக என் முட்டி, என் மானம், என்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று என் சங்கதியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் படியேறி வரவில்லை என்று கோபித்துக்கொண்டு மேல் படியில் நின்றேனே தவிர, ஐந்து படி இறங்கிப் போய், ஏன் வரவில்லை என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அவளைத் தோப்புக்கரணம் போடச் சொல்லவும் எனக்கு வாயில்லை. நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நிமிர்கிறவளுக்கு நான் என்ன உடற்பயிற்சி சொல்வது? மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன் என்றேன். “மொதல்ல உளுந்து எடுத்து முடியட்டும், பாப்பம்” என்றாள். அவளோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மெஷினுக்கு இன்னும் பேட்டரி போடவில்லை. அந்த எண்பத்து மூன்றும் அலுவலகத்துக்குப் பக்கத்து ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்ததுதான். எடைக்காக என்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன். இப்போதும் பல காலைகளில் விடத்தான் தோன்றுகிறது, தொடை நடுங்குவதும் நிற்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் எழுந்திருக்க ஒரு கை தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று இப்போதுதான் கண்ணில் படுகிறது.

பதினாறாம் நாள் பெரியம்மாவுக்குக் கருமாதி. பந்தலில் பெண்கள் பக்கம் பாய் விரித்திருந்தார்கள். கூட்டாளி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் ஆண்கள் பக்கம் போய், அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு நாற்காலியைப் பிரித்து எடுத்துவந்து பாயோரம் போட்டேன். என் அம்மா எதிரில் இருந்து பார்த்தாள். எனக்குத்தான் என்று நினைத்து அவள் முகம் மலர்ந்தது. கூட்டாளியின் கையைப் பிடித்து அதில் உட்காரவைத்தேன். அம்மாவின் முகம் மாறியது. நாற்காலியில் இருந்தவளை வெகுநேரம் பார்த்தாள். தன்னோடு அதே வயலில் நட்டவளின் மகள் அவள். கடைசியில், “காலு ஆடப்போவுது, நல்லா சமமாப் போடு” என்றாள் என்னிடம்.

நான் நாற்காலியை நகர்த்திச் சமமாகப் போட்டேன்.

“அப்ப நீ எங்கடி உக்காருவே?” என்றாள் கூட்டாளி.

“கீழதான்.”

“எழுந்திரிச்சிருவியா?”

“எழுந்திரிச்சிருவேன். நீ பேசாம உக்காரு” என்று சொல்லிவிட்டு, அவள் காலடியில் பாயில் உட்கார்ந்தேன்.